வட்டி மானியத்தை நம்பி வீடு வாங்கலாமா? பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா 2.0 குறித்து ஒரு மதிப்பீடு

நகர்ப்புறங்களில் முதல் வீடு வாங்குவோருக்கான மத்திய அரசின் வட்டி மானியம், பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் இரண்டாம் கட்டத்தில் மீண்டும் வந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்கு மிகாத, நாட்டில் எங்கும் சொந்தமாக நிலையான கட்டுமானமுள்ள (பக்கா) வீடு இல்லாத குடும்பங்கள், 2024 செப்டம்பர் 1 முதல் பெற்ற கடன்களுக்கு இதைக் கோரலாம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும், கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடனில் முதல் 8 லட்சத்திற்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் என்பதே சலுகை.

இத்தொகை ஒரே தடவையில் வருவதில்லை. ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில் வருகிறது. அதாவது ஆண்டுக்கு 36,000 ரூபாய். 2022 மார்ச்சுடன் முடிந்த முந்தைய திட்டத்தில், குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு 2.67 லட்சம் வரை மொத்தமாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அசல் உடனே இறங்கியதால் மாதத் தவணையும் இறங்கியது. 20 ஆண்டுக் கடனில் அந்தக் குறைவு மாதத்துக்கு ஏறக்குறைய 2,300 ரூபாய். புதிய முறையில் முதல் மாதத் தவணை முழுமையாகவே கழுத்தில் விழுகிறது.

வீடு வாங்குபவருக்குப் பணம் மிகவும் முடைப்படும் நாள் எது என்று பார்த்தால் இதன் குறை விளங்கும். தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பை 30 லட்சத்துக்கு வாங்கினால், முத்திரைத் தீர்வை 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 1.80 லட்சம் ரூபாயைப் பதிவின்போதே கட்டியாக வேண்டும். ஐந்தாண்டு மானியம் முழுவதும் சேர்ந்தால்தான் அந்த ஒரு நாள் செலவுக்கு ஈடாகும். அதுவே பழைய வீடாக இருந்தால் 9 சதவீதம், அதாவது 2.70 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இச்செலவை வங்கிகள் வீட்டின் விலையில் சேர்த்துக் கணக்கிடுவதில்லை என்பதால், கையிருப்பிலிருந்தோ நகையை அடகு வைத்தோதான் புரட்ட வேண்டியிருக்கிறது. முன்பணத்துக்கோ பதிவுச் செலவுக்கோ ஒரு பகுதியையாவது முதலில் கொடுத்திருந்தால், வாடகை வீட்டிலிருந்து வெளியேற நினைக்கும் குடும்பத்துக்கு இதே தொகை இருமடங்கு பயன் தந்திருக்கும் என்பது என் கருத்து.

இன்னொரு நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மானியத் தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். போனஸ் வந்தாலும் சீட்டு எடுத்தாலும் முதலில் கடனை அடைப்பதையே பெருமையாகக் கருதும் நம்மவர்களுக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். எனினும் 36,000 ரூபாய்க்காகப் பெரிய கடனை இழுத்தடிப்பது நட்டமா இலாபமா என்பதை வட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இருக்கும் வீட்டைச் சீர்செய்ய நினைப்பவர்களுக்கு இம்மானியத்தில் இடமே இல்லை. முந்தைய திட்டத்தில் கூடுதல் அறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றைக் கட்டவும் மானியம் கிடைத்தது. இப்போது வாங்கவும் கட்டவும் மட்டுமே. தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் வீடுகள் நம் நகரங்களில் ஏராளமாக இருக்கும்போது இந்த விடுபடல் நியாயமாகப் படவில்லை. ஊரகங்களில் அரசுத் திட்டங்களின்கீழ் கட்டப்பட்டுப் பழுதடைந்த பழைய வீடுகளைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் தனித் திட்டம் அறிவித்தது. நகரத்துக்கும் அப்படி ஒன்று தேவை.

ஆகவே, தகுதி இருப்பவர்கள் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பணத்தை வரவில் எழுதிக்கொண்டு விலை பேச வேண்டாம். குடும்பத்தினர் அனைவரின் ஆதாரையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கடந்த 20 ஆண்டுகளில் ஏதேனும் ஓர் அரசுத் திட்டத்தில் வீடு பெற்றிருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது. குடும்பத் தலைவியின் பெயர் தனியாகவோ கூட்டாகவோ பத்திரத்தில் இடம்பெற வேண்டும் என்பதை ஆவண எழுத்தரிடம் வரைவு நிலையிலேயே சொல்லிவிட வேண்டும்; பதிவு முடிந்தபின் சேர்ப்பதென்றால் இன்னொரு பத்திரமும் அதற்கான செலவும் ஆகும்.