அப்பா பெயரைக் கேட்கும் கட்டம்: அடையாளச் செயலியோடு மூன்று வருடம்

ஆரணியில் இருக்கும் என் தோழி போன வாரம் போன் செய்தாள். "எல்லா ஐடியையும் ஒரே இடத்துல வெச்சிருக்கியே ஒரு ஆப், அது விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா?" உண்மைதான். ஆண்டுக்கு 900 ரூபாயாக இருந்தது 500 ஆகியிருக்கிறது. அவளுக்கு அப்போது பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடவுச்சொல்லைச் சேமிப்பது, படிவத்தைத் தானாக நிரப்புவது, முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டுவது எல்லாம் இந்த வகைச் செயலிகள் பலவற்றில் உண்டு. அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. இந்தச் செயலி உருவானபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் இதன்மேல் எனக்குப் பாசமும் கோபமும் கொஞ்சம் கூடவே உண்டு.

வாலாஜாபேட்டையில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். 2022-ல் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்த மூன்று தம்பிகள் கடைக்கு வந்தார்கள். கையில் லேப்டாப் இல்லை, காகிதக் கட்டு ஒன்றுதான். ஒவ்வொரு தாளிலும் ஒரு திரையைப் பேனாவால் வரைந்திருந்தார்கள். நான் தாளில் விரலை வைத்தால் ஒருவர் அடுத்த தாளை எடுத்து வைப்பார், இன்னொருவர் குறித்துக்கொள்வார். "மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க அக்கா. எங்கயாவது தடுமாறினா அது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல" என்றார்கள். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறேன், இப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மூன்று முறை வந்தார்கள். மூன்றாம் முறை போனிலேயே ஓடியது. அன்றிலிருந்து நானும் பயன்படுத்துகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. என் பள்ளிச் சான்றிதழ் ஒன்றில் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே இருக்கிறது. ஒரே வீடு, மூன்று முகவரி. எந்தத் தளத்தில் எந்த மாவட்டத்தைக் கொடுத்தோம் என்று நினைவில்லாமல் கடைக்கு வருபவர்கள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன். தாள் சோதனையில் இதைச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது சரிசெய்திருந்தார்கள். பழைய முகவரியும் புதிய முகவரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒவ்வொன்றின் கீழும் அது எந்தெந்தத் தளத்தில் இருக்கிறது என்று பட்டியல் வரும். அவ்வளவு அழகான வேலை.

இன்னொன்று நான் எதிர்பார்க்கவே இல்லை. போன வருடம் சோளிங்கர் மலைக்குப் போன இடத்தில் அம்மாவின் போன் தொலைந்தது. புது எண் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அம்மா. செயலியில் பழைய எண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அந்த எண்ணில் 14 கணக்குகள். வங்கி, கேஸ் புக்கிங், மின் கட்டணம், ஆஸ்பத்திரி அட்டை என்று வரிசையாக வந்தது. எண்ணை அப்படியே விட்டிருந்தால் சில மாதத்தில் அது வேறு யாருக்கோ போயிருக்கும், ஓடிபியும் அவருக்கே போயிருக்கும். அன்றே ஓடிப்போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினோம். அந்த ஒரு பட்டியலுக்காக மட்டும் மூன்று வருடக் கட்டணம் கொடுக்கலாம்.

சரி, இப்போது என் கோபத்துக்குக் காரணமான, பெயர் கேட்கும் இரண்டு கட்டத்துக்கு வருகிறேன்.

புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது செயலி முதல் பெயரைக் கேட்கும், அடுத்து கடைசிப் பெயரைக் கேட்கும். இரண்டையும் நிரப்பாமல் மேலே போக விடாது. எனக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம்மில் பெரும்பாலோர்க்குக் கிடையாது. ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். அந்த இனிஷியலும் பெண்களுக்கு நிலையாக நிற்பதில்லை. கல்யாணத்துக்கு முன் எனக்கு ஜி., பிறகு எஸ். ஆதாரில் பெயருக்கு ஒரே வரி. பாஸ்போர்ட்டில் இரண்டு பகுதி, குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். நான் நிரப்பிய பான் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. அதனால் அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

இது சின்ன விஷயம் இல்லை. 2023 ஜூன் 30-க்குள் பானையும் ஆதாரையும் இணைக்க வேண்டும் என்று 1000 ரூபாய் கட்டணத்தோடு ஓடிய நாட்களில், பெயர் பொருந்தாமல் என் கடை வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர்! 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய் போகக் காத்திருந்த மேல்விஷாரத்துப் பையன்களின் அம்மாக்கள் என் கடையில் அழுதார்கள். ஊரெல்லாம் நம் பெயரை உடைக்கிறது. அடையாளத்தைப் பத்திரமாக வைப்பதற்கென்றே செய்த செயலியும் அதையே செய்தால் எப்படி?

தாள் சோதனையிலேயே இதைக் கேட்டேன். "அப்பா பேரை அங்க போட்டுடுங்க அக்கா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார் ஒரு தம்பி. குறித்துக்கொண்டிருந்தவரின் பேனா அப்போது அசையவில்லை. முகவரிச் சிக்கல் ஏன் உடனே தீர்ந்தது என்று பிற்பாடு புரிந்தது. அந்தத் தம்பிகளில் ஒருவர் அரக்கோணத்துக்காரர், அவர் வீட்டு முகவரிக்கும் அதே கதி. பெயர் விஷயம் அவர்களுக்கு வலிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுப் பழகிவிட்டார்கள். மொத்தம் ஐந்து பேரிடம் சோதித்தார்களாம். என்னைத் தவிர நாலு பேரும் அதே ஹாஸ்டல் பிள்ளைகள். இப்படிச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று 2000-ல் எழுதிய பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சனே, பயனர்கள் வேறு வேறு வகையாக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனியாகச் சிலரைச் சோதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பெயர் மாறிய கல்யாணமான பெண்கள் இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தால் முதல் நாளே இது வெளியே வந்திருக்கும்.

செய்ய முடியாத வேலையும் இல்லை. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் நெறியில் முழுப் பெயருக்கென்று தனிக் குறியே இருக்கிறது. பெயரைத் துண்டு போட்டால் மேற்கத்திய வழக்கம்தான் வெளிப்படுகிறது, ஒரே கட்டம் வைப்பதுதான் கூடுதலாக வளைந்துகொடுக்கும் என்று அந்த நெறியே சொல்கிறது. இதையும் சேர்த்து மூன்று முறை அவர்களுக்கு எழுதினேன். "கவனத்தில் கொள்கிறோம்" என்று மூன்று பதில் வந்தது.

போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். செயலி தானாக நிரப்பியது, நானும் பார்க்காமல் விட்டுவிட்டேன். அந்தத் தளம் கடைசிப் பெயரை முன்னால் வைத்து அச்சடித்திருக்கிறது. கூரியர் தம்பி வீட்டு எண்ணுக்குப் போன் செய்து, அப்பா பெயரைச் சொல்லி, "சார் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். எடுத்தது அம்மா. அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. நான் கடையிலிருந்து வந்தபோது அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "உங்கப்பாவைக் கேட்டாங்கம்மா. நான் இன்னா சொல்லட்டும்?" என்றார்.

அன்று இரவே அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை அழித்துவிட்டு ஒரு புள்ளி வைத்தேன். செயலி ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதித் தளங்கள் அந்தப் புள்ளியை ஏற்பதில்லை, ஒவ்வொரு முறையும் கையால் திருத்துகிறேன்.

ஆரணித் தோழிக்கு என் பதில்: வாங்காதே. 500 இல்லை, இலவசமாகக் கொடுத்தாலும் அந்தக் கட்டத்தை மாற்றும்வரை வேண்டாம். என் ஆண்டுக் கட்டணம் வரும் 27-ம் தேதி முடிகிறது. அம்மாவின் 14 கணக்கும் அதில்தான் இருக்கின்றன, அதனால் நான் கட்டிவிடுவேன். கட்டும்போது நாலாவது முறையாக அவர்களுக்கு எழுதுவேன், இந்த முறை கூரியர் போனைப் பற்றியும்.