முதலில் ஆண்டெனா, பிறகு ரேடியோ: ஹாம் உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள்

பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்குத் தேர்வெழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, ‘வியு3’ என்று தொடங்கும் கால்சைன் (எனக்கான அழைப்புக் குறி) கைக்கு வந்த வாரமே ஒரு ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ, வாங்கிவிட்டேன். இப்போது புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த ரேடியோ வாங்கலாம் என்பதுதான். ரேடியோவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியை ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் தனியே எடுத்து வையுங்கள் என்பேன். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் முதல் ஹேண்டி விலை மலிவான சீனத் தயாரிப்பு, 5 வாட். தொடங்குவதற்கு அது போதும், இன்றும் உழைக்கிறது. ஆனால் செல்பேசிக் கோபுரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில் மெல்லிய குரல்கள் அதில் அமுங்கிப்போகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்து கிடக்கிறது. அந்தப் பகுதியில் நமக்கு அனுமதி 144 முதல் 146 வரை மட்டுமே. ஓர் எண்ணை மாற்றி அழுத்திவிட்டுப் பேசினால், யாருடைய பணிக்கோ இடையூறு செய்தவர்களாவோம். ஆகவே வாங்கியதும் கணினியில் இணைத்து, தேவையான சேனல்களை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். அதற்காக நான் வாங்கிய முதல் கேபிளில் இருந்தது போலி சிப். இரண்டு மாலைகள் வீணாகி, வேறு கேபிள் வாங்கிய பிறகே வேலை நடந்தது.

அடுத்து, 40 சென்டிமீட்டர் நீள ஆண்டெனா ஒன்று வாங்கினேன். பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை இருந்தது. ஆண்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டும் நானோ விஎன்ஏ என்ற கருவி நண்பரிடம் இருந்தது; அதில் மாட்டிப் பார்த்தபோது அது 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருந்தவே இல்லை. போலி. அன்றே அந்தக் கருவியை நானும் வாங்கினேன். இந்த மூன்று ஆண்டுகளில் நான் வாங்கிய எல்லாவற்றிலும் அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தச் சின்னப் பெட்டிதான்.

அதை வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓர் ஆண்டெனாவை நானே செய்தேன். கேபிளின் பிளக்கை மாட்டும் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, ஐந்து பித்தளைக் கம்பிகள். நடுவில் ஒரு கம்பியைச் செங்குத்தாகப் பற்றவைத்து, மற்ற நான்கையும் மூலைத் துளைகளில் திருகி, குடைக்கம்பிபோலக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். கணக்குப்படி நடுக்கம்பி 49 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வேண்டுமென்றே இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டேன். அரத்தால் கொஞ்சம் ராவுவது, கருவியைப் பார்ப்பது, மறுபடி ராவுவது. திரையில், ஆண்டெனா பொருந்தும் இடத்தைக் காட்டும் பள்ளம் 140-இலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து 145-இல் வந்து நின்றபோது பித்தளைத்தூள் படிந்த விரல்களுடன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிய எந்தப் பொருளும் அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

மாடியிலிருந்து மேசைவரை 20 மீட்டர் கேபிள். சிக்கனம் பார்த்து மெல்லிய ஆர்ஜி-58 இழுத்தேன். இந்த அலைவரிசையில் அது சுமார் 4 டெசிபெல்லைத் தின்றுவிடும். 5 வாட் அனுப்பினால் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 2 வாட். போதாக்குறைக்கு முதல் ஐப்பசி மழையில் பிளக் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்புப் பின்னல் பச்சை பூத்திருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தடித்த ஆர்ஜி-213 போட்டேன். பிளக்கைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன, சொட்டு நீர் இறங்கவில்லை. அதே ஹேண்டியில்தான் பிறகு, சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்குமேல் கடக்கையில் 145.800-இல் அது அனுப்பிய படங்களைப் பிடித்தேன்.

கூடுதல் பேட்டரி வாங்குங்கள், பயன்படும். பெல்ட் கிளிப், உறை போன்றவற்றுக்கு அவசரமில்லை.

சென்ற ஆண்டு, உரிமம் உள்ள மூத்த ஹாம் ஒருவரிடமிருந்து தொலைதூரம் பேச உதவும் பழைய ஹெச்எஃப் (சிற்றலை) ரேடியோ வாங்கினேன். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டெனாவாக, பக்கத்துக்குப் பத்து மீட்டராக ஒரு செம்புக் கம்பி; தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம்வரை. கூடவே வாங்கிய மலிவான எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையைத்தான் இப்போது மாற்றப்போகிறேன். அது ரேடியோவில் கிளப்பும் இரைச்சலில் பாதி உலகம் காதில் விழவில்லை. போன மாதம் ஒருநாள் இரவு தெரு முழுக்க மின்சாரம் நின்றது. யுபிஎஸ்ஸில் இருந்த 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் இணைத்தேன். எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர்கள், சார்ஜர்கள் எதுவும் இல்லாத அந்த அமைதியில், ‘ஒய்பி’ என்று தொடங்கும் இந்தோனேசிய நிலையம் ஒன்று அழைத்துக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. 10 வாட்டில் பதில் சொன்னேன். இரண்டாம் முறை என் கால்சைனை முழுதாகத் திருப்பிச் சொன்னார். செல்பேசி வெளிச்சத்தில் நோட்டை எடுத்து, உலக நேரப்படி 14.40 என்று குறித்துக்கொண்டேன்.