ஹோம்ஸ்டேக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ்: நாமே பதில் சொல்வதா, ஆள் வைப்பதா, கட்டிவிட்டு வருவதா?

நோட்டீஸ் வந்த செய்தி தெருவில் தெரிந்ததும் மூன்று யோசனைகள் தானாக வந்து சேரும். "கேட்டதைக் கட்டிட்டு நிம்மதியா இருங்க" என்பார் ஒருவர், "நல்ல ஆடிட்டரா பாருங்க" என்பார் அடுத்தவர், "நேர்ல போய் சொன்னா விட்டுருவாங்க" என்பார் இன்னொருவர். கும்பகோணத்தில் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே நம்மை மாட்டியும் விடலாம். வந்திருப்பது எந்தத் தாள், அதில் எவ்வளவு நிஜமாகவே நாம் கட்ட வேண்டியது என்று பிரித்துப் பார்க்காமல் எந்த வழியிலும் இறங்கக் கூடாது.

தாளின் பெயரை முதலில் பாருங்கள். ஏஎஸ்எம்டி-10 என்றால் ரிட்டனில் ஏதோ பொருந்தவில்லை, விளக்கம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். 30 நாள் அவகாசம், ஏஎஸ்எம்டி-11ல் பதில், அதிகாரிக்குத் திருப்தி என்றால் ஏஎஸ்எம்டி-12 போட்டு முடித்துவிடுவார். ஏடிடி-01 வந்தால் அது ஜிஎஸ்டி சட்டத்தின் 65-ஆம் பிரிவுத் தணிக்கை, குறைந்தது 15 வேலை நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டு கணக்குப் புத்தகங்களையே பார்ப்பார்கள், தொடங்கி 3 மாதத்தில் முடிக்க வேண்டும், ஆணையர் நினைத்தால் இன்னும் 6 மாதம் நீளும். டிஆர்சி-01 என்றால் விளக்கம் கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது, தொகை போட்டே கேட்கிறார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு வரும் தகராறில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான் இருக்கும். ஒரு அறைக்கு வாடகை 3,000 ரூபாய், புக்கிங் ஆப்புக்குக் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 450, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 81, டிசிஎஸ் (ஆப் கம்பெனி பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டுவது) அரை சதவீதம் 15, இதெல்லாம் போக (விருந்தினர் தரும் வரியைத் தனியாக வைத்துவிட்டால்) பேங்கில் விழுவது 2,454. நாம் அந்த 2,454ஐ ரிட்டனில் காட்டுவோம், ஆப் கம்பெனியோ தான் போடுகிற ஜிஎஸ்டிஆர்-8 என்ற ரிட்டனில் 3,000 என்று காட்டியிருக்கும். திருவிடைமருதூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தானே நேரில் போனார். "ஏம்மா, அவங்க மூவாயிரம்னு காட்டுறாங்க, நீங்க குறைச்சுப் போட்டிருக்கீங்களே?" "சார், பேங்க்ல வந்தது அவ்வளவுதான் சார்." "வந்ததைக் கேக்கலம்மா, கெஸ்ட் குடுத்தது எவ்வளவு?" விஷயம் அவ்வளவுதான். கமிஷன் நம்முடைய செலவு, வரி முழு வாடகைக்கு.

இப்போது கட்டிவிடுவதையும் வாதாடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்த 546 ரூபாய் வித்தியாசத்துக்கு 5 சதவீத வரி 27 ரூபாய் 30 காசு. 300 இரவு வாடகைக்குப் போனாலும் 8,190 ரூபாய்தான், அதோடு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இதற்கு ஆடிட்டர் வைத்து வாதாடுவதில் அர்த்தமே இல்லை, நாமாகவே கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவத்தில் கட்டி, சலானைப் பதிலோடு இணைத்துவிடுங்கள். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு, மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத வரை, நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் அபராதம் இல்லை. ஆனால் இந்த 5 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல்தான், அதுவும் ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு 12 சதவீதம் போட்டுக் கணக்குப் பாருங்கள். 7,500க்கு மேல் போனால் 18, ஆகவே வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் முழு வீட்டையும் ஒரே வாடகையாக விட்ட நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்துக்கு வந்த பிறகும் கமிஷன் மேலான அந்த 81 ரூபாயை இன்புட்டாக (கட்ட வேண்டிய வரியில் கழித்து) எடுத்துக்கொண்டே இருக்கிறவர்கள் அதைத் திருப்ப வேண்டும், அது அனுமதி இல்லை.

மொத்தத்தையும் கட்டிவிட்டு வருகிற வழியை நான் எதிர்ப்பது வேறு காரணத்துக்காக. நம் டெல்டாவில் ஒரே பேங்க் கணக்குக்குள் எல்லாம் விழும். சம்பா அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வந்த பணம், சிங்கப்பூரிலிருந்து பையன் அனுப்பியது, கல்லூரிப் பிள்ளைகள் தரும் மாச வாடகை, ஜிபேயில் வந்த அறை வாடகை. தணிக்கையில் பேங்க் ஸ்டேட்மென்டைக் கூட்டிப் போட்டு இதெல்லாம் அறை வருமானம் என்று எழுதினால், பயந்துபோய் அதற்கும் வரி கட்டுவது கொடுமை. கட்டியதைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது, அடுத்த வருஷமும் அதே கேள்விதான் வரும். நெல் போட்ட ரசீது, சிட்டா, அடங்கல் மூன்றையும் வைத்து ஒவ்வொரு வரவுக்கும் எதிரே இது என்ன பணம் என்று எழுதிக் கொடுங்கள். (மாச வாடகைக்கு வரி விலக்கு இருந்தாலும், பதிவு செய்ய வேண்டிய 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது அதுவும் சேரும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரம்புக்குள் இருந்து பதிவு செய்யாதவர்களுக்கு, ஆப் வழியாக வந்த புக்கிங்குக்கு ஆப் கம்பெனியே வரி கட்டிவிட வேண்டும்.)

சரி, யார் பதில் எழுதுவது? ஏஎஸ்எம்டி-10க்கு நாமே போதும் என்பது என் தீர்மானம். நீள நோட்டில் தேதி, விருந்தினர் பெயர், புக்கிங் ஆப்பில் வந்ததா போனில் வந்ததா, முழு வாடகை, கமிஷன், பேங்க் வரவு என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பவர் சொல்வதற்கு அதிகாரி காது கொடுப்பார், காரணம் அவர் கேட்கிற அடுத்த கேள்விக்கும் பதில் கையில் இருக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், கேட்காத வருஷத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

மாசாமாசம் ரிட்டன் போடுகிற ஜிஎஸ்டி பிராக்டிஷனர் நமக்காக ஆஜராகச் சட்டத்திலேயே இடம் உண்டு, ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் தவறான தொகையை ஏற்றியதே அவராக இருந்தால் "சின்னத் தொகைதானே, கட்டிடுங்க" என்று சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார், ஆகவே கணக்கை நீங்கள் போட்டு, ஏற்றுகிற வேலையை மட்டும் அவரிடம் கொடுங்கள். 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில் போனால், ரிட்டன் கெடு நாட்கள் என்பதால், அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

ஏடிடி-01 வந்தாலோ, மோசடி, மறைத்தல் என்ற சொற்கள் தாளில் இருந்தாலோ தனியாகப் போகவே போகாதீர்கள். அங்கே அபராதம் வரியின் அளவுக்கே ஏறலாம், பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வாக்கியம்கூட ஒப்புதலாகிவிடும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இந்த வழக்குகளைப் பார்த்துப் பழகிய ஆடிட்டர் அல்லது வக்கீலுக்குக் கொடுக்கிற ஃபீஸ் இந்த இடத்தில் வீண் செலவு இல்லை. பாதகமான முடிவு எடுக்கும் முன் நேரில் பேச வாய்ப்பு தர வேண்டும் என்று 75-ஆம் பிரிவு சொல்கிறது, அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சும்மா இருப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. தபாலில் எதுவும் வரவில்லையே என்று இருப்பார்கள், போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற பகுதிக்குள் அது பல மாசமாகக் கிடக்கும், ஒரு நாள் டிஆர்சி-07 உத்தரவாக மாறி பேங்க் கணக்கை முடக்கும் வரை போய்விடும். உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 1 மாதம், தகராறான வரியில் 10 சதவீதம் முன்பணம். அதையும் விட்டவர்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்கு, திருவாரூர், நாகை ஆட்கள் சென்னைக்கு. போர்ட்டலில் மட்டும் போட்ட நோட்டீஸ் கண்ணில் படவில்லை என்று போனவர்களின் உத்தரவுகளை நீதிமன்றம் ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்ன வழக்குகள் நிறைய உண்டு, ஆனால் அவற்றில் பலவற்றில் வரியில் ஒரு பங்கை முதலில் கட்டு என்ற நிபந்தனையும் இருந்தது.