மிஷின் வைத்தால் விரல் மடங்கும்; அதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

தேவிபட்டினத்திலிருந்து தங்கச்சிமடம் வரை, கடலோர ஊர்களில் லாட்ஜிலும் கல்யாண மண்டபத்திலும் அறை எடுத்து ‘நரம்புச் சிகிச்சை முகாம்’ நடத்துகிறார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறார்கள். விபத்தில் அறுந்த நரம்பை இருபத்தொரு நாளில் பிழைக்க வைப்பதாகச் சொல்கிறார்கள். அப்படி ஒரு முகாமில் எங்கள் வீட்டுப் பணம் முப்பதாயிரம் போனது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். என் தம்பியின் மோதிர விரல் போனதை விட முடியவில்லை.

தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். வலையை ஏற்றும்போது விஞ்சுக் கம்பி அறுந்து அடித்ததில் வலது மணிக்கட்டின் உட்புறம் ஆழமாக வெட்டுப்பட்டது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை) பலவும், உள்ளங்கைக்குப் போகும் இரண்டு பெரிய நரம்புகளும் அறுந்துவிட்டன. மதுரை அரசு மருத்துவமனையில் இரவோடு இரவாக அறுவை சிகிச்சை செய்து எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பொறுமையாக விளக்கினார். தைத்த நாண் ஒட்டும்வரை ஆறு வாரம் புறங்கைப் பக்கம் வைத்த பட்டையைக் கழற்றக் கூடாது, அவர்கள் சொல்லிக்கொடுத்த அளவுக்கு மட்டுமே விரலை அசைக்க வேண்டும், பன்னிரண்டு வாரம் வரை கனம் தூக்கக் கூடாது என்றார். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம். விரல் நுனிக்கு உணர்ச்சி வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். எவ்வளவு திரும்பும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார்.

நேர்மையான அந்தப் பதில்தான் அம்மாவைக் கலக்கியது. “சொல்ல முடியாதுன்னா வராதுன்னுதானே அர்த்தம்?” என்று அழுதுகொண்டே இருந்தார். முகாம்காரர்களின் வியாபாரம் இந்தப் பயத்தை நம்பித்தான் நடக்கிறது.

அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன். மதுரையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை அந்த ஆள் வாங்கிப் பார்க்கவே இல்லை. பட்டையைத் தானே அவிழ்த்தான். முழங்கைக்குக் கீழே, சதைப் பற்றான இடத்தில் பசை தடவி இரண்டு வில்லைகளை ஒட்டினான். வயர் போட்டு மிஷினின் குமிழைத் திருகினான். இத்தனை நாள் அசையாமல் கிடந்த விரல்கள் நான்கும் வெடுக்கென்று உள்ளே மடங்கின. “பாருங்கம்மா, செத்த நரம்பு பிழைத்துவிட்டது” என்றான். அம்மா “மாதாவே!” என்று தம்பியின் கையைப் பிடித்து முத்தமிட்டார். அன்று மாலையே அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

அந்த வித்தை என்ன என்பதைப் பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். விரலை மடக்கும் தசைகள் இருப்பது முன்கையில். அவற்றுக்கான நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு வெகு மேலேயே பிரிந்துவிடுகின்றன. தம்பிக்கு வெட்டுப்பட்டதோ மணிக்கட்டில். ஆக, அந்தத் தசைகளின் நரம்பு சாகவே இல்லை. விபத்து நடந்த அன்றும் உயிரோடுதான் இருந்தது. அங்கே மின்சாரம் கொடுத்தால் யாருக்கும் விரல் மடங்கும், எனக்கும் மடங்கும், உங்களுக்கும் மடங்கும். உண்மையில் செயலிழந்திருந்தவை உள்ளங்கையிலும் கட்டைவிரல் அடியிலும் உள்ள சின்னத் தசைகள். கட்டைவிரலைச் சுண்டுவிரலுக்கு எதிரே கொண்டுவருவதும், விரல்களை விரித்துச் சேர்ப்பதும் அவற்றின் வேலை. அங்கே அந்த ஆள் வில்லையை ஒட்டவே இல்லை.

ஆறு வாரம் முடியாத தையலை அந்த மிஷின் தினமும் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. ஒரு காலை, மடக்கச் சொன்னால் மற்ற மூன்று விரல்களும் உள்ளே வந்தன. மோதிர விரல் மட்டும் நேராக நின்றது. நாண் அறுந்துவிட்டது. இனி முதலில் ஒரு சிலிகான் குழாயை உள்ளே வைத்துப் பாதை உண்டாக்கி, சில மாதம் கழித்துக் காலிலிருந்து நாண் எடுத்து ஒட்டவேண்டும் என்கிறார்கள். வலை பின்னும் கை அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “உங்கள் தம்பி வீட்டில் பயிற்சி செய்யவில்லை” என்றான். பயிற்சி என்று ஒன்றையும் அவன் சொல்லித்தரவே இல்லை. கொடுத்த ரசீதை அப்போதுதான் உற்றுப் பார்த்தோம். ‘சிகிச்சைக் கட்டணம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழும் ஏதோ சில வாரப் பயிற்சிக்கானது. இயன்முறை மருத்துவம் பல ஆண்டுகள் படிக்க வேண்டிய பட்டப்படிப்பு. அதைப் படித்தவர் எவரும் அறுவை சிகிச்சை செய்த தேதியைக் கேட்காமல் கையைத் தொட மாட்டார்.

இப்போது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறோம். அங்கே கட்டணம் இல்லை. ஒவ்வொரு விரல் மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து எழுதுகிறார்கள். உள்ளங்கையிலிருந்து மேலே மணிக்கட்டை நோக்கி விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வருகிறார் டாக்டர். எந்த இடத்தில் “கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு” என்று தம்பி சொல்கிறானோ அங்கே பேனாவால் கோடு போடுகிறார். அடுத்த முறை அந்தக் கோடு விரல் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நரம்பு வளர்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு மிஷின் தேவைப்படவில்லை.

அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். இன்னொன்றும் முக்கியம்: உணர்ச்சி வராத விரலில் யார் சொன்னாலும் சூட்டு ஒத்தடம், மெழுகு ஒத்தடம் வைக்க விடாதீர்கள். கொப்புளம் வந்தாலும் அந்தக் கைக்குத் தெரியாது.

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து ஏமாந்தவர்களுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டால் சொல்வார்கள். இதுபோன்ற முகாம்களில் பணம் கட்டியவர்கள் ‘நன்கொடை’ என்று எழுதிய அந்தச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் அது யார் பெயருக்குப் போனது என்று பார்த்துப் படம் பிடித்து வையுங்கள். எங்கள் மனுவில் அதுதான் முதல் ஆதாரமாக இருக்கிறது.