எல்லை தாண்டுவதா, கனடாவுக்குள்ளேயே ஓடுவதா? சொந்த பிளாட்பெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஸ்காபரோவிலும் பிரம்ப்டனிலும் சொந்தமாக ட்ரக் வாங்கிய தம்பிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, அமெரிக்கா ஓடினால் மைலுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். பெரும்பாலும் உள்நாட்டு ஓட்டத்தைவிடக் கூடத்தான் கிடைக்கும், பல லோட்களுக்கு அமெரிக்க டொலரிலும் கிடைக்கும். ஆனால் கூரையும் பக்கச் சுவரும் இல்லாத தட்டு ட்ரைலரான பிளாட்பெட்டில் மைல் கணக்கு ஆளை ஏமாற்றும். வீட்டை விட்டு வெளிக்கிட்டுத் திரும்பி வரும்வரை எத்தனை நாள் போனது, எல்லாச் செலவும் போக நாளுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்த நான் அந்தக் கணக்கில்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஹமில்ட்டனில் இரும்புத் தகடு ஏற்றி, 403, 401, 402 நெடுஞ்சாலைகள் வழியாகச் சார்ணியா போய், எல்லையில் உள்ள புளூ வாட்டர் பாலம் தாண்டி இந்தியானா போவதாக வைத்துக்கொள்வோம். பெட்டி ட்ரைலர்காரரை மேல்சோதனைக்கு ஒதுக்கினால் பின்கதவைத் திறந்து காட்டினால் பெரும்பாலும் போதும். எங்களுக்கு அப்படியில்லை. ஒரு ஜனவரி இரவு பாலத்துக்கு அந்தப் பக்கம் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்கள். அது பனியில் உறைந்து பலகை மாதிரி விறைத்திருந்தது. கையுறையோடு ரப்பர் பட்டிகளின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. கையுறையைக் கழற்றினால் குளிர்ந்த இரும்பில் விரல் ஒட்டியது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்குத் திரும்ப மூடிக் கட்ட ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்கு யாரும் காசு தரவில்லை. உள்நாட்டு ஓட்டத்திலும் தார்ப்பாய் வேலை உண்டு, ஆனால் ஏற்றும் இடத்தில் ஒருமுறை மூடினால் இறக்கும் இடம்வரை அநேகமாக அப்படியே கிடக்கும்.

இந்த இழுபறி ஓட்ட நேரத்தையும் தின்னும். கனடாவில் 60ஆம் அகலக்கோட்டுக்குத் தெற்கே ஒரு நாளில் 13 மணி நேரம் ஓட்டலாம், அதற்கு வேலை தொடங்கியதிலிருந்து 16 மணி நேர வரம்பு உண்டு. அமெரிக்காவில் 11 மணி நேரம்தான், வேலை தொடங்கி 14 மணி நேரம் முடிந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. வரிசையில் நின்றாலும், தார்ப்பாய் கட்டினாலும் அந்த 14 ஓடிக்கொண்டே இருக்கும். பாலம் தாண்டும்போதே அமெரிக்கக் கணக்குக்குள் நீங்கள் இருக்க வேண்டும். கனடாப் பக்கம் 11 மணி நேரம் ஓட்டிவிட்டுப் போனால், அந்தப் பக்கம் ஓட்ட ஒன்றும் மிஞ்சாது.

எடையைப் பலர் யோசிப்பதேயில்லை. அமெரிக்க இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும்) சாலைகளில் வண்டியும் சுமையும் சேர்ந்த பொதுவான உச்சம் 80,000 பவுண்ட், அதாவது சுமார் 36,300 கிலோ. மாகாணங்களுக்கிடையிலான எடை ஒப்பந்தப்படி மூன்று அச்சு ட்ரைலர் இழுக்கும் ஆறு அச்சு வண்டி கனடாவில் 46,500 கிலோ வரை போகலாம். கிட்டத்தட்ட 10 டன் வித்தியாசம்! எடை பார்த்துக் காசு கொடுக்கும் இரும்பு, கொங்கிரீட் சாமான், மரம் போன்ற லோட்களில் இதுதான் உள்நாட்டு ஓட்டத்தின் பெரிய பலம். மூன்று அச்சு ட்ரைலரைக் கடனுக்கு வாங்கி வைத்துக்கொண்டு பாதிநாள் அமெரிக்கா ஓடினால், வாங்கிய அச்சுக்கு வேலையில்லை. மிச்சிகன் போன்ற சில மாநிலங்கள் கூடுதல் எடை விடும், ஆனால் அதைத் தாண்டி இந்தியானாவுக்குள் போகப் பழைய கணக்குக்கு வர வேண்டும்.

கட்டும் விதி இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சுமையின் பாதிக்குக் குறையக் கூடாது. 40,000 பவுண்ட் தகட்டுக்கு மேலால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 3/8 அங்குல கிரேட் 70 சங்கிலி போட்டால் ஒன்றின் தாங்குதிறன் 6,600 பவுண்ட். மூன்று போட்டால் 19,800, வேண்டியதோ 20,000. அந்த 200 பவுண்டுக்காக வண்டியை நிறுத்தி வைப்பார்கள். நாலாவது சங்கிலியைப் போட்டுவிட்டே வெளிக்கிடுங்கள்.

இப்போதைய நிலையில் எனக்குப் பெரிய கவலை இறக்குமதி வரிதான். கனேடிய இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்கா 2025 மார்ச்சில் 25 சதவீத வரி போட்டது, ஜூனில் அதை 50 ஆக்கியது. அக்டோபரில் மரத்துக்கும், ஏற்கெனவே இருந்த தீர்வைகளுக்கு மேல், 10 சதவீதம் சேர்ந்தது. வரியைக் கட்டுவது இறக்குமதி செய்பவர், ட்ரக்காரர் இல்லை. ஆனால் இரும்பும் மரமும் எங்கள் தட்டில் ஏறும் சாமான்கள். லோட் குறைந்தால் முதலில் சும்மா நிற்பது பிளாட்பெட்.

திரும்பி வரும் லோட் அடுத்த சிக்கல். இந்தியானாவில் இறக்கிவிட்டு அங்கிருந்து ஒஹையோவுக்கு ஒரு லோட் கிடைத்தாலும், கனடாவிலிருந்து போன நீங்கள் அதை எடுக்க முடியாது. கனடாவுக்கு வரும் சாமான் வேண்டும், இல்லையென்றால் வெறும் தட்டோடு வர வேண்டும். ஒருமுறை எனக்கு வருகிற லோட் இருந்தும், சுங்க வேலையைச் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் இன்வாய்ஸ் போய்ச் சேரவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு இரவு முழுக்கக் கிடந்தேன். எங்கள் மானிஃபெஸ்ட், அதாவது சுமை விவரப் பட்டியல், வண்டி வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே மின்னணு வழியில் போயிருக்க வேண்டும். அதை நான் அனுப்பியிருந்தேன், புரோக்கரின் வேலை முடியவில்லை. ரொறன்ரோ – மொன்றியல் ஓட்டத்தில் இப்படி ஒரு இரவு போகாது.

சரி, அமெரிக்கா ஓடுவது என்று முடிவெடுத்தால் யாருடைய பேரில் ஓடுவது? சொந்த அனுமதி எடுத்தால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டொட் எண்ணும் இயக்க அனுமதியும், மாநிலங்களில் சட்ட முகவர், வருடாந்தப் பதிவு, இரண்டு நாட்டுச் சுங்கத்துக்கும் கேரியர் குறியீடு, போதைப்பொருள் சோதனைத் திட்டம், கனமான காப்புறுதி, அமெரிக்காவில் வருடம் 5,000 மைலுக்கு மேல் போனால் 550 டொலர் வரை வீதி வரி என எல்லாம் ஒரு ஆள் தலையில். எரிபொருள் வரிக் கணக்கும் பல மாகாண நம்பர் பிளேட்டும் கியூபெக் போய்வருபவரிடம் முன்பே இருக்கும், அது புதுச் செலவில்லை. ஒரு ட்ரக்கோடு தொடங்குபவர் முதல் இரண்டு வருடமாவது ஒரு கொம்பனியின் பேரில் ஓடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் தங்கள் பங்கை எடுப்பார்கள், எடுக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு மானிஃபெஸ்டில் பிழை வந்தால் அழைக்க ஒரு அலுவலகம் இருக்கிறது.

நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ள, இலங்கைக் கடவுச்சீட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.ஆர். அட்டை போர்டருக்குப் போதாது, அமெரிக்க விசா வேண்டும். குடியுரிமை கிட்டத்தில் இருந்தால் அதுவரை உள்நாட்டில் ஓடுங்கள். கஞ்சா கனடாவில் 2018இல் சட்டபூர்வமானாலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடைதான், ஒரு சோதனையில் பிடிபட்டால் அந்தப் பக்கம் வண்டி எடுக்க முடியாமல் போகும். 2025 ஜூனிலிருந்து வீதிச் சோதனையில் ஆங்கிலம் போதாவிட்டால் ஓட்டுநரை அங்கேயே நிறுத்துகிறார்கள். மருத்துவக் காப்புறுதியும் தனியாக எடுங்கள், ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அங்கே மிகக் கொஞ்சம்தான் கொடுக்கும்.

என் தெரிவு கலப்பு ஓட்டம். ஒன்ராறியோ, கியூபெக் நிலையான வேலை, போய்வர இரண்டு பக்கமும் லோட் உறுதியானால் மட்டும் அமெரிக்கா. அப்படியொரு கொம்பனியில் சேரப் போகிறீர்கள் என்றால், அங்கே ஏற்கெனவே ஓடும் பிளாட்பெட் சொந்தக்காரர் ஒருவரிடம் கடைசி மூன்று மாதக் கணக்குத் தாளைக் கேட்டுப் பாருங்கள். வெறும் தட்டோடு ஓடிய மைல் எவ்வளவு, தார்ப்பாய்க்குத் தனிக்காசு உண்டா, போர்டரில் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு காத்திருப்புக் காசு தொடங்குகிறது என்ற மூன்றையும் அந்தத் தாளில் தேடுங்கள்.