‘பரவாயில்லை’ என்பவரிடம் எதைக் கேட்பது? மூன்று கேள்விப் பட்டியல்கள்

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, மதுரையில் கரண்ட் வைத்து (கதிர்வீச்சு சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வீடு திரும்பிய அக்கா ஒருவரின் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “பரவாயில்லை, தங்கச்சி.” தூக்கம்? “பரவாயில்லை.” சாப்பாடு? அதற்கும் அதே பதில். விடைபெற எழுந்தபோதுதான், வீங்கியிருந்த இடது கையை வலது கையால் அவர் தாங்கிப் பிடித்திருப்பதைக் கவனித்தேன். பாசி எடுக்கக் கடலில் இறங்கி எத்தனை நாளாயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் தன்னார்வலர்கள் நாங்கள். வெறும் பேச்சில் தப்பிவிடுவதைப் பிடிக்கக் கேள்விப் பட்டியல் ஒன்று தேவை என்று அன்று முடிவு செய்தோம். எந்தப் பட்டியல் என்பதில்தான் வாதம் வந்தது. மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு தங்கச்சிமடத்திலிருந்து கீழக்கரை வரை நடந்த பிறகு எழுதுகிறேன்.

முதலாவது ‘துயர வெப்பமானி’. அமெரிக்காவில் தோன்றியது. ஒரு வெப்பமானிப் படம், அதில் 0 முதல் 10 வரை எண்கள். இன்றோடு சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் மனம் எவ்வளவு துன்பப்பட்டது என்று நோயாளி ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். கூடவே ஒரு சிக்கல் பட்டியலும் உண்டு: பணம், போக்குவரத்து, வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வேலை, மனக்கவலை, உடல் உபாதைகள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல் வைத்துக் காட்டலாம். போக்குவரத்தைத் தனியாக ஒரு சிக்கலாகக் கேட்பது இந்த மூன்றில் இது மட்டுமே. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர் என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும். குறையும் உண்டு. வெப்பமானிப் படத்தைப் பார்த்ததும் சிலர் “காய்ச்சல் இல்லையே” என்றார்கள். நான் மீன்கூடை நிரம்புவதுபோல ஒரு படம் வரைந்து விளக்கத் தொடங்கினேன், அது உதவியது. ஆனால் 7 என்று ஒருவர் விரல் வைத்தால், அவருக்குத் துன்பம் இருக்கிறது என்பது மட்டுமே தெரிகிறது. அதற்கு அவர் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பது தெரிவதில்லை.

இரண்டாவது ஐரோப்பிய ஆய்வமைப்பு ஒன்று உருவாக்கி 1993-இல் வெளியிட்ட ‘கியூ.எல்.கியூ.-சி30’. 30 கேள்விகள், தமிழ் வடிவமும் உண்டு. ஆராய்ச்சியாளர்களுக்குப் பழக்கமானது என்பதால் எங்களுள் படித்தவர்கள் பலர் இதன் பக்கம் நின்றார்கள். வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல், களைப்பு என உடலை நுணுக்கமாக விசாரிக்கிறது. நோயால் பணக் கஷ்டம் வந்ததா என்று ஒரே ஒரு கேள்வி. இதன் பெரிய நன்மை ஒன்றை நான் வீடுகளில்தான் கண்டுகொண்டேன்: கேள்விகளில் எங்கும் ‘புற்றுநோய்’ என்ற சொல் கிடையாது. நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பெயரை உச்சரிக்காமலே 30 கேள்விகளையும் கேட்டு முடித்துவிடலாம்.

ஆனால் இது அளப்பது வாழ்க்கைத் தரத்தை. தேவையை அல்ல. களைப்பு ‘மிக அதிகம்’ என்று ஒருவர் சொல்லலாம், அதோடு வாழப் பழகிக்கொண்டு யாரிடமும் உதவி வேண்டாம் என்றும் இருக்கலாம். இன்னொருவருக்குக் களைப்பு ‘கொஞ்சம்’தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் தண்ணீர்க் குடம் தூக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருப்பார். மதிப்பெண்ணில் முதலாமவர் மேலே நிற்பார். உதவி தேவைப்படுபவர் இரண்டாமவர். பெரும்பாலான கேள்விகள் ‘கடந்த ஒரு வாரத்தை’ப் பற்றியவை என்பதும் சிக்கல்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறவர்களுக்கு முதல் வாரம் ஒரு பிறவி, மூன்றாம் வாரம் வேறு பிறவி. நாம் எந்த வாரத்தில் போய் நிற்கிறோமோ அந்தப் பதில்தான் கிடைக்கும்.

மூன்றாவதில்தான் என் மனம் நின்றது. ஆஸ்திரேலியாவில் உருவான ‘ஆதரவுத் தேவைகள் ஆய்வு’. 2000-இல் 59 கேள்விகளோடு வந்தது, 2009-இல் 34 ஆகச் சுருக்கப்பட்டது. மனம் சார்ந்து 10, மருத்துவமனையும் தகவலும் பற்றி 11, உடலும் அன்றாட வாழ்க்கையும் 5, கவனிப்பும் ஆதரவும் 5, தாம்பத்தியம் 3. கேட்பது கடந்த ஒரு மாதத்தை, ஆகவே மருந்து ஏற்றும் சுற்று முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள்: எனக்குப் பொருந்தாது, தேவை இருந்தது ஆனால் நிறைவேறிவிட்டது, கொஞ்சம் தேவை, நடுத்தரத் தேவை, அதிகத் தேவை.

முதல் இரண்டு பதில்களைப் பிரித்து வைத்திருப்பதுதான் இதன் உயிர். நம்முடைய ‘பரவாயில்லை’ இந்த இரண்டையும் விழுங்கிவிடும், மூன்றாவதையும் சேர்த்து. வலி இல்லை என்றாலும் பரவாயில்லை, மாத்திரையால் வலி அடங்கிவிட்டது என்றாலும் பரவாயில்லை, வலிக்கிறது ஆனால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாலும் பரவாயில்லை. கணக்குப் போடும்போது முதல் இரண்டையும் ‘தேவை இல்லை’ என்று ஒன்றாகக் கட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘நிறைவேறிவிட்டது’ என்பவருக்கு நாளை மாத்திரை நின்றால் தேவை திரும்பி வந்துவிடும்.

அந்த அக்காவிடம் இந்தப் பட்டியலோடு திரும்பப் போனேன். ‘முன்பு செய்தவற்றைச் செய்ய முடியாமல் போவது’ என்ற கேள்வியில் அவர் நிறுத்திக்கொண்டார். கை வீங்கியதிலிருந்து தண்ணீரில் இறங்கவில்லை, கூட்டாளிப் பெண்கள் தீவுப்பக்கம் போகும்போது கரையில் நிற்பதாகச் சொன்னார். அதிகத் தேவை. கைவீக்கத்துக்குப் பயிற்சியும் இறுக்கமான உறையும் உண்டு என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ‘புற்று பரவுமோ என்ற பயம்’ என்று நேரடியாகக் கேட்கிறது. ஆகவே நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்று வீட்டாரிடம் தனியாக அறிந்துகொள்ளாமல் தாளை விரிக்கக் கூடாது. மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் தாம்பத்தியக் கேள்விகளைக் கேட்டால் ‘பொருந்தாது’ என்றுதான் வரும். அந்த மூன்றை வெட்டிவிடலாம் என்று எங்களுள் ஒருவர் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. கீழக்கரையில் ஒரு வீட்டில் சமையலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டபோது, கருப்பைவாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்த ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். அதுவரை யாரும் கேட்டதில்லையாம். பெண்ணிடம் பெண், தனியாக: இதற்கு மாற்றே இல்லை.

மிகப் பெரிய ஓட்டை பணமும் பயணமும். 34 கேள்விகளில் இரண்டும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு கழிந்துவிட்டாலும், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரம் கரண்ட் வைக்க மதுரையில் தங்குவதற்கும், துணைக்கு வருபவரின் கூலி இழப்புக்கும் கணக்கு வேறு. ‘எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்க அதிக வாய்ப்பு’ என்ற கேள்வியை இங்கே வாசித்தால், எந்த பஸ் என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

ஆகவே இப்போது நாங்கள் செய்வது இது. முதல் சந்திப்பில் வெப்பமானியும் அதன் சிக்கல் பட்டியலும் மட்டும். நோயின் பெயர் தெரிந்தவர்களிடம் அடுத்த முறை 34 கேள்விகளையும் வாய்விட்டு வாசித்துக் கேட்கிறோம், களைத்துவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்கிறோம். பெயர் தெரியாதவர்களுக்கு கியூ.எல்.கியூ.-சி30. சேர்த்த கேள்விகள் இரண்டு: சிகிச்சைக்குப் போய்வர உதவி தேவையா, துணைக்கு ஆள் தேவையா. இவற்றை மூலப் பட்டியலின் மதிப்பெண்ணோடு கலக்காமல் தனித்தாளில் குறிக்கிறோம்.

அந்தத் தனித்தாளால் கேட்கும் காலத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்குப் போகும் கணவர் வீட்டில் இருப்பார், மதுரைக்குத் துணை கிடைக்கும், பஸ்ஸுக்குப் பணம் இருக்காது. தடை முடிந்தால் பணம் கொஞ்சம் புழங்கும், துணைக்கு ஆள் கடலில் இருப்பார். ஒரே வீடு, ஒரே நோயாளி, இரண்டு வேறு பதில்கள். மே மாதம் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் கேட்பதாக வைத்திருக்கிறோம்.