ஆறு வருஷம், ஒரே பேஸ், மாறி மாறிப் போட்ட கம்பிகள்

புதுக் கம்பி மாட்டிய அன்றைக்கு எந்த பிராண்டுமே நன்றாகத்தான் கேட்கும். அதனால் இங்கே சொல்வது பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து எப்படி இருந்தது என்பதை. ஆறு வருஷமாக ஒரே நாலு கம்பி பேஸ் கிட்டார், 34 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), விரலால்தான் வாசிப்பு, கை நன்றாகவே வியர்க்கும்.

ஆரம்பத்தில் டடாரியோ நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உள்கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியது), 45–100 (மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பி வரை, இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்). இரண்டு வாரத்தில் பளிச்சென்ற ஒலி இறங்கிவிடும், ஆனால் இறங்கிய இடத்தில் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், அதுதான் எனக்குப் பிடித்தது. எதைப் போடுவது என்று தெரியாதவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1960களில் தி ஹூ ராக் குழுவின் ஜான் என்ட்விசிலின் பேஸில் பியானோவின் அடிக்கட்டை மாதிரி உறுமிய அதே வகை. முதல் வாரம் ஆம்பை விட்டு எழுந்திருக்கவே மனமில்லை! ஆனால் எந்த நிறுவனத்து ஸ்டீலாக இருந்தாலும் நிக்கலைவிடச் சொரசொரப்பு, விரல் நகரும் சத்தமும் ஸ்பீக்கரில் வரும், ஃப்ரெட்டும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சீக்கிரம் தேயும். வியர்வையும் தோல் எண்ணெயும் சுற்றுகளுக்குள் இறங்கியதும் அந்த உறுமல் போய்விடுகிறது. செத்த கம்பியை வெந்நீரில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்துப் பார்த்தேன். உயிர் வந்தது, நாலைந்து நாளுக்கு. இரண்டாம் முறை செய்தபோது ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகு) முனையில் மடிந்த இடத்திலேயே இ கம்பி அறுந்தது, அத்தோடு அந்த வேலையை விட்டேன்.

கோட்டிங் உள்ள எலிக்சிர் என் கைக்கு எட்டு மாதம் தாங்கியது. தொட்டால் வழுக்குகிற மாதிரி இருக்கும், பழக ஒரு மாதமானது.

நடுவில் ஒரு முட்டாள்தனம். உள்கம்பி வட்டமாக உள்ள ஒரு செட்டை, முனையை மடிக்காமல் நேராகவே வெட்டிவிட்டேன். சுற்று நழுவி ஏ கம்பி ட்யூன் ஆகவே மறுத்தது. முதலில் மடிக்க வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். உள்கம்பி அறுகோணமாக இருந்தால் சுற்று அவ்வளவு சுலபத்தில் நழுவாது.

சரி, தட்டை நாடா சுற்றிய வழுவழுப்பான ஃபிளாட்வவுண்டுக்கு வருவோம். லா பெல்லாவில் 43–104 போட்டேன். மோடவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 52–110 தடிமனுக்கு என் விரல்கள் ஒத்துழைக்காது, அவர் அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். ஒலி தடித்து, குட்டையாக, டிரம்ஸோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக வீட்டில் கேட்டால் மந்தமாகத்தான் இருக்கும், பாட்டுக்குள் வைத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் அதற்குச் சுவையே ஏறியது.

இப்போது இருப்பது தாமஸ்டிக் ஜாஸ் ஃபிளாட்ஸ், 43–100. இழுவிசை குறைவு என்பதால் மாட்டியதும் நெக் பின்னால் சாய்ந்து முதல் சில ஃப்ரெட்டில் கரகரத்தது, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடைக் கால் திருப்பு தளர்த்தியதும் சரியானது. பலமாக அடித்து வாசிப்பவர்களுக்கு இது துவளும், எனக்கும் முதலில் கை அடங்கவில்லை. மூன்று வருஷம் ஆகிறது, துணியால் துடைப்பதைத் தவிர எதுவும் செய்யவில்லை, இன்னும் ட்யூனில் நிற்கிறது. கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் ஆசை வரும்போது மட்டும் பெட்டியில் கிடக்கும் ஸ்டீல் செட்டைப் பார்ப்பேன், நெக்கைத் திரும்பச் சரிசெய்யும் வேலையை நினைத்து மூடி வைத்துவிடுவேன்.